ஐந்தடி என்றால் எங்கிருந்து ஐந்தடி?

கேள்வி: கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகும் சாலைப் பக்கம் 30-க்கு 40 மனை ஒன்று வாங்கியிருக்கிறோம். முன்பு நெல் வயல். மனை போட்டவர்கள் மூன்றடி கிராவல் கொட்டி நிரப்பித்தான் விற்றார்கள். கீழே ஒரு வீடு, மேலே ஒரு மாடி என்று திட்டம். மேஸ்திரி ஐந்தடி பள்ளம் போதும் என்கிறார். பண்ருட்டியில் என் பெரியப்பா மகன் நாலடியில் கட்டி பத்து வருஷமாக ஒரு கீறல் இல்லை. பொறியாளர் மண் பரிசோதனை கேட்கிறார். என் வீட்டுக்காரர் அது வீண் செலவு என்கிறார். மாமனாரோ "எதற்கு வம்பு, பைல் போட்டுவிடு" என்கிறார். அத்தைக்குத் தை 12 வாஸ்து நாளில் வேலை தொடங்கியாக வேண்டும். யார் பேச்சைக் கேட்பது? பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் வைக்கலாம்?
— ஒரு வாசகி, கடலூர்

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் பொறியாளர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் பேசுவது அவரவர் பார்த்த வேறு மனைகளைப் பற்றி.

பண்ருட்டி அண்ணனையே எடுத்துக்கொள்வோம். அவர் வீடு நிற்பது முந்திரிக்காட்டுச் செம்மண்ணாக இருக்கும். கேப்பர் மலையில் தொடங்கி வடலூர், நெய்வேலி, பண்ருட்டிப் பக்கமெல்லாம் பரவியிருக்கிற சிவப்பு மேட்டு நிலம் அது. நிலவியல்காரர்கள் அந்தப் பாறைக்கு நம் ஊர்ப் பெயரையே வைத்துக் ‘கடலூர் மணற்கல்’ என்கிறார்கள். நன்றாக இறுகிய இடத்தில் கடப்பாரை போட்டால் கைதான் வலிக்கும். அங்கே நாலடி தோண்டி, கருங்கல் கட்டி, மேலே சுவர் எழுப்பினாலும் வீடு நிற்கும். புதுச்சேரியிலும் இதே கதைதான். கோரிமேட்டிலும் காலாப்பட்டிலும் செம்மண் மேடு. பத்து இருபது கிலோமீட்டர் தெற்கே வந்து அரியாங்குப்பம், பாகூர் பக்கம் தோண்டினால் வண்டலும் களியும். கோரிமேட்டு வீட்டின் வரைபடத்தைப் பாகூரில் கொண்டுவந்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். மாடிப்படி ஓரத்தில் கீறலைக் காட்டி "சிமென்ட் சரியில்லை" என்பார்கள்.

உங்கள் மனை கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு வெள்ளம் மணலைப் போட்டுவிட்டுப் போகும், அடுத்த வெள்ளம் களியைப் போடும். அப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்த நிலம். ஒரே மனையில் முன்பக்கம் மணலும் பின்பக்கம் களியும் வருவதை நானே பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு ஆபத்து அதில்தான். மொத்த வீடும் ஒரே அளவில் அரை அங்குலம் இறங்கினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு தூண் இறங்கி அடுத்த தூண் இறங்காமல் நின்றால்தான் சுவர் பேசும்.

அடுத்து, மூன்றடி கிராவல். கடிதத்திலேயே முக்கியமான வரி இதுதான். நீங்களோ போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். மேஸ்திரி சொல்லும் ஐந்தடி, இப்போது நீங்கள் கால் வைத்து நிற்கும் மட்டத்திலிருந்து. அதில் மூன்றடி லாரியில் வந்த மண். அதற்குக் கீழே ஓரடியாவது உழுத மண் இருக்கும், சேறும் நெல் தாளும் வேருமாக. ஆக, ஐந்தடி வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி முடித்ததும் நிஜமான தரைக்குள் நீங்கள் இறங்கியிருப்பது ஓரடி. மேஸ்திரி பொய் சொல்லவில்லை. எங்கிருந்து ஐந்தடி என்று நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. மூன்றடி கிராவலின் எடையே சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னைத் தாண்டும். அந்தப் பாரத்தை இதுவரை சுமந்து பழகாத வயல்களி, நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு இன்னும் அமுங்கிக்கொண்டிருக்கலாம். போன வருஷம் நிரப்பியதா, ஏழெட்டு மழை பார்த்ததா என்று மனை போட்டவரிடம் கேளுங்கள். இத்தனை மழை பார்த்த நிரப்பு மண் மேலாக நடந்தால் கெட்டியாகத்தான் இருக்கும். அதற்காக அதன்மேல் தூண் நிறுத்தலாம் என்று ஆகிவிடாது.

இதை நான் சொந்தத் தப்பிலிருந்து கற்றேன். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம், புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு வீடு. வீட்டுத் தூண்கள் எல்லாம் வயல் மட்டத்துக்குக் கீழே சரியாக இறங்கின. போர்டிகோ மட்டும் பிறகு யோசித்துச் சேர்த்தது. "ரெண்டு தூண்தானே சார்" என்றார் மேஸ்திரி. நிரப்பு மண்ணிலேயே நிறுத்தினோம். நானும் சரி என்றேன். இரண்டாவது ஐப்பசி மழையில் போர்டிகோ முக்கால் அங்குலம் இறங்கி, வீட்டோடு சேருகிற இடத்தில் பிளந்துவிட்டது. ஒரு ரூபாய் நாணயத்தை அந்தப் பிளவில் நிற்க வைக்கலாம். வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த இடத்தில் பட்டி வைத்துச் சுண்ணாம்பு அடிக்கிறார், அவ்வளவுதான். ஆகவே போர்டிகோ, வெளி மாடிப்படி, பின்பக்கக் கழிவறை எதுவானாலும் வீட்டுத் தூண் போகிற ஆழத்துக்கே போகட்டும்.

சரி, உங்கள் மனையில் கீழே என்ன இருக்கிறது? காசு செலவில்லாமல் முதலில் செய்ய வேண்டியவை சில உண்டு. மனை பிரிப்பதற்கு முந்தைய பழைய புல எண்ணைப் பத்திரத்திலிருந்து எடுத்து, அதன் புலப்படத்தில் வாய்க்கால், கிணறு ஏதாவது குறித்திருக்கிறதா பாருங்கள். வயலில் மோட்டார் கொட்டகையும் கிணறும் இருந்து, மனை போடும்போது மூடியிருந்தால், மேலே நின்று பார்த்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கலாம். அப்புறம், பக்கத்தில் இன்னும் பயிர் வைக்கிற பெரியவர் யாராவது இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் மாடு புதையும், எந்த வரப்போரம் கோடையிலும் ஈரம் காயாது என்பதெல்லாம் அவர்கள் மனதில் வரைபடமாகவே இருக்கும்.

பிறகு ஒரு சோதனைக் குழி. தூண் வராத மூலையில், ஜேசிபி வைத்து எட்டடி. நெஞ்சளவுக்கு மேல் போன குழிக்குள் யாரையும் இறங்க விடாதீர்கள். நிரப்பு மண் சொல்லாமல் சரியும். மேலே நின்றே பார்க்கலாம். முதலில் சிவப்பாக கிராவல். அதற்குக் கீழே, கத்தியால் வெட்டியதுபோல, கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை வரும். தாள் மக்கிய வாசனை அடிக்கும். அதுதான் பழைய வயல். வீட்டின் ஆழத்தை அங்கிருந்துதான் எண்ண வேண்டும். அதற்கும் கீழே வரும் மண்ணில் ஒரு கட்டியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஓரளவு அழுத்தத்துக்கே குழி விழுந்தால் அது மென்களி; தேசியக் கட்டடக் கோட்பாடு அதன் தாங்கும் திறனுக்கு ஆரம்பக் கணக்காகச் சதுர மீட்டருக்கு 10 டன் தருகிறது. விரல் பல அங்குலம் தானாகப் புகுந்தால் 5 டன்தான். ஒரு கைப்பிடி மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் உட்காரும், மறுநாள் காலையிலும் கலங்கலாக நிற்பது களி. உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தப் பாட்டிலைக் காட்டுங்கள். என் வாதத்தைவிட அது நன்றாகப் பேசும்.

ஆனால் விரலும் பாட்டிலும் கதவைத் தட்டுவது மாதிரிதான். உள்ளே போக மண் பரிசோதனை வேண்டும். தூணின் பாரம், அதன் அடியில் அகலமாகப் போடும் கான்கிரீட் தளமான பூட்டிங்கின் அகலத்தைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழம் வரை மண்ணில் உணரப்படும். ஆறடி பூட்டிங் என்றால் அதற்குக் கீழே பன்னிரண்டடி வரை உள்ள மண்ணும் உங்கள் வீட்டைச் சுமக்கிறது. எட்டடிக் குழியில் அது தெரியாது. மனையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளை, 20 முதல் 25 அடி வரை கேளுங்கள். முக்காலி நிறுத்தி, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழ வைத்து, ஒரு குழாயை மண்ணுக்குள் இறக்குவார்கள். கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எடை எத்தனை முறை விழுந்து அடித்தது என்பதுதான் கணக்கு. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நீங்களே பக்கத்தில் நின்று அடிகளை எண்ணி எழுதுங்கள். மூன்று, நான்கு என்று வந்தால் சேறு. பதினைந்து, இருபது என்று ஏறினால் மூச்சு விடலாம். மேசையில் உட்கார்ந்தே அறிக்கை எழுதிவிடுகிற ஆட்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

ஆய்வகத்தில் உப்பல் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். காய வைத்துச் சலித்த மண் பத்து பத்து கிராமாக எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றை மண்ணெண்ணெயிலும் போட்டு ஒருநாள் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50 சதவீதத்துக்குள் இருந்தால் பெரிய கவலை இல்லை. நூறைத் தாண்டினால் அந்த மண் மழையில் வீட்டைத் தூக்கும், கோடையில் கீழே விடும். குழியில் ஊறும் தண்ணீரிலும் நீங்கள் கலவைக்கு வைத்திருக்கும் போர் தண்ணீரிலும் உப்பு எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர் மாதிரிக் கடலோரத்தில் கட்டுகிறவர்கள் இதை விடவே கூடாது.

வீண் செலவா என்பதற்கு ஒரு கணக்கு. உங்கள் வீட்டில் ஒரு நடுத் தூணில் சுமார் 40 டன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மண் சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கினால் இரண்டு சதுர மீட்டர் பூட்டிங், அதாவது நாலரை அடிக்கு நாலரை அடியைவிடக் கொஞ்சம் கூட. 10 டன் என்றால் ஆறரைக்கு ஆறரை. 5 டன்தான் என்றால் ஒன்பதடிக்கு மேல். பத்து பன்னிரண்டு அடி இடைவெளியில் நிற்கும் தூண்களுக்கு ஒன்பதடி பூட்டிங் என்றால் ஒன்றோடொன்று முட்டப் பார்க்கும், அப்போது எல்லாவற்றையும் சேர்த்து ராப்ட், அதாவது வீட்டுக்கடி முழுக்க ஒரே கான்கிரீட் தளம், போடுவதே மேல். பரிசோதனை செய்யாதவர் இந்த மூன்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறார். குறைத்து எடுத்தால் கீறல், கூட்டி எடுத்தால் கம்பியும் ஜல்லியும் மண்ணுக்குள் தேவையில்லாமல் புதைகிறது. வீட்டுச் செலவோடு வைத்துப் பார்த்தால் பரிசோதனைக் கட்டணம் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

மாமனார் சொல்லும் பைலை, அதாவது துளை போட்டு மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூணை, தள்ளிவிட மாட்டேன். உப்புகிற களியில், மழைக்கும் வெயிலுக்கும் அசையும் மேல்மண்ணைத் தாண்டிப் பன்னிரண்டடி அளவுக்கு இறங்கி, அடியில் தன் தண்டின் அகலத்தைப்போல இரண்டரை மடங்கு அகலத்தில் குமிழ் விட்டு நிறுத்தும் பைல் அருமையான ஏற்பாடு. ஆனால் அதே பன்னிரண்டடியில் உங்களுக்கு ஊற்று மணல் வந்தால் துளை நிற்காது. சரிந்து மூடிக்கொள்ளும், குமிழும் உருவாகாது. மேலே கான்கிரீட் ஊற்றியவருக்கு உள்ளே என்ன ஆனது என்று தெரியாது. அறிக்கை கேட்டால் போடுங்கள். பயத்துக்காகப் போட வேண்டாம்.

வீட்டு அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. உங்கள் 1,200 சதுர அடி மனை அதற்குள் வரும். நல்ல வசதி. அதே சமயம், அனுமதிக்கு முன்னால் இடத்தை வந்து பார்க்கிற ஆளும் இல்லை. மண்ணைப் பார்ப்பது முழுக்க உங்கள் பொறுப்பாகிவிட்டது.

அத்தை விஷயம். தை 12 என்பது ஜனவரி 26-ஐ ஒட்டி வரும். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும், நிலத்தடி நீர் வருஷத்திலேயே உச்சத்தில் நிற்கும். ஐந்தாறு அடி தோண்டினால் குழி குளமாகும். இரவு பகலாக மோட்டார் ஓட்டி இறைத்தால் தண்ணீரோடு நைசான மண்ணும் வெளியேறும், உங்கள் பூட்டிங்கின் அடி மண்ணே குழம்பும், பக்கத்து வீட்டு மதிலுக்கும் நல்லதில்லை. ஆகவே தை 12-இல் பூஜையைப் போட்டு, ஈசானிய மூலையில் செங்கல் வைத்துவிடுங்கள். வானம் தோண்டுவதை மாசி 22 வாஸ்து நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போதும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் சித்திரை 10 இருக்கிறது. இரண்டுமே பஞ்சாங்கத்தில் இருக்கிற நாட்கள்தான், அத்தைக்கு ஆட்சேபம் இருக்காது. இடையில் கிடைக்கிற வாரங்களில் மண் அறிக்கையும் வரைபடமும் தயாராகிவிடும்.

தோண்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜேசிபியைக் கடைசி அரையடிக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். அந்த அரையடியைக் கான்கிரீட் போடுகிற அன்று காலையில் ஆட்கள் மண்வெட்டியால் எடுக்கட்டும். முந்தின நாளே எடுத்து வைத்தால், ஒரு சாரல் போதும், அடிமண் களிம்பு மாதிரி ஆகிவிடும். தவறி ஆழமாகத் தோண்டிவிட்டால் அதே மண்ணைத் தள்ளி மூடக் கூடாது. மட்டம் செய்யப் போடும் கான்கிரீட்டால் நிரப்பச் சொல்லுங்கள். தண்ணீர் ஊறினால் பூட்டிங்குக்கு வெளியே ஒரு மூலையில் சின்னக் குழி வெட்டி அங்கிருந்து இறையுங்கள். கம்பி மண்ணைத் தொடாமல் தூக்கி நிறுத்த, அதன் அடியில் 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் (சின்னக் கான்கிரீட் கட்டை) வேண்டும். செங்கல் துண்டை வைக்க ஆள் வந்தால் கையைப் பிடியுங்கள். செங்கல் ஈரத்தை உறிஞ்சிக் கம்பிக்கே கொடுக்கும். மண்ணுக்கடியில் போகிற கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம் 25-க்குக் குறையாமல் இருக்கட்டும். எம் 20 என்று வரைபடத்தில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கறையான் மருந்தைக் குழி மூடுவதற்கு முன்பே தெளிக்க வேண்டும்.

தோண்டி எடுத்த களியை என்ன செய்வது? "உள்ளேயே போட்டுப் பேஸ்மட்டத்தை நிரப்பிடலாம், லோடு காசு மிச்சம்" என்பார்கள். வேண்டாம். அந்தக் களி வீட்டுக்குள் வந்தால் தரை டைல்ஸ் வழியாக உங்களோடு பேசிக்கொண்டே இருக்கும். பேஸ்மட்டத்துக்குள் கிராவலோ கல்தூளோ கொட்டி, அரையடி அரையடியாகப் பரப்பித் தண்ணீர் விட்டு, மெஷின் வைத்து இடிக்க வேண்டும். மூன்றடியையும் ஒரே நாளில் கொட்டி மேலாக இடித்தால் மேலே மட்டும்தான் இறுகும்.

உயரம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். அளவு எடுக்க வேண்டியது மனைத் தரையிலிருந்து அல்ல, சாலையின் நடு முதுகிலிருந்து. சாலையும் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போது ஏறும். அதைவிட முக்கியம் வெள்ள மட்டம். 2015 நவம்பர் மழையிலும், 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு சாத்தனூர் அணை நீர் சேர்ந்து தென்பெண்ணை பெருகியபோதும் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது? பக்கத்துத் தெருச் சுவர்களில் கறை இருக்கும், கேட்டால் விரல் வைத்தே காட்டுவார்கள். அந்தக் கறைக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டடி வைத்தால் பேஸ்மட்ட உயரம் வந்துவிடும். தண்ணீர் வந்ததே இல்லை என்றால் சாலையிலிருந்து மூன்றடி போதும்.

தண்ணீர்த் தொட்டியை நிலத்தடியில் கட்டுவதாக இருந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 8 அடிக்கு 6 அடி, 6 அடி ஆழத் தொட்டி மழைக்காலத்தில் காலியாக இருந்து, சுற்றிலும் நீர் மேல்வரை ஏறினால், எட்டு டன்னுக்கு மேல் விசை அதைத் தூக்கும். ஐப்பசி கார்த்திகையில் கழுவுகிறேன் என்று காலி செய்து, தொட்டியே எழும்பி வந்த வீடுகள் உண்டு. நம் மண்ணில் தொட்டியின் அடித்தளம் கனமாக இருக்கட்டும், கழுவுவதைச் சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மேஸ்திரி. சதுர அடி ரேட் பேசியிருப்பீர்கள். அந்த ரேட்டுக்குள் அவர் கணக்குப் போட்டிருப்பது அந்த ஐந்தடியைத்தான். நீங்கள் எட்டடி என்று சொன்னதும் "அது தனி ரேட்டு" என்பார். அதில் நியாயமும் இருக்கிறது. வேலை தொடங்கிய பிறகு குழிக்கரையில் நின்று இந்தப் பேச்சு வேண்டாம். பூட்டிங்கின் அடிமட்டம் எது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், ‘பழைய வயல் மட்டத்திலிருந்து இத்தனை அடி’ என்று. அதற்கு மேல் ஆழம் போனால் கன அடிக்கு என்ன ரேட் என்று அடுத்த வரியில் சேர்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். சோதனைக் குழியில் அந்தக் கருஞ்சாம்பல் பட்டை தெரிகிறதல்லவா, அது மூடுவதற்கு முன் மேஸ்திரியைக் கூட்டிப் போய்க் காட்டி, அந்த மட்டத்தை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துப் பக்கத்து மின்கம்பத்திலோ மதிலிலோ பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.